உப்புக் காற்று ஊரில் இரண்டாவது பிள்ளைக்கு ஓர் அறை

மூத்தவள் பிறந்தபோது மதுரையில் இருந்தோம். அவள் படுக்கும் இடத்துக்கு மேலே சுவரில் ஒட்டகச்சிவிங்கி ஸ்டிக்கர் ஒன்று ஒட்டினேன். அவளுக்கு மூன்று வயதாகி நாங்கள் வீட்டைக் காலி செய்யும்வரை அது அப்படியே நின்றது. ராமநாதபுரம் கடலோரத்து மண்டபம் ஊர்ப் பக்கம் வேலை மாறி வந்து, வயிற்றில் இரண்டாவது பிள்ளை ஏழு மாதமாக இருந்தபோது அதே மாதிரி ஒன்றைத் தேடி வாங்கி இங்கேயும் ஒட்டினேன். நாற்பது நாள் தாங்கவில்லை. பின்னாலிருந்த பெயிண்டையும் ஒரு கையகலம் சிமெண்டுப் பூச்சையும் பெயர்த்துக்கொண்டு, குழந்தைக்கு மெத்தை விரிக்க ஒதுக்கியிருந்த இடத்திலேயே விழுந்து கிடந்தது. நல்லவேளை, மெத்தையும் வரவில்லை, குழந்தையும் வரவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஏத்தா, இந்தச் சொவத்துல படம் ஒட்டுனா உப்புதான் பாக்கும்” என்றார். அன்றைக்குத்தான் வேலையைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறேன் என்று புரிந்தது. இங்கே முதலில் பார்க்க வேண்டியது கூரை, சுவர், காற்று, தண்ணீர். அப்புறம் மூத்த பிள்ளை. அலங்காரம் எல்லாவற்றுக்கும் கடைசி. தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை இந்தக் கரைக்குப் புதிதாக வந்து, இரண்டாவது பிள்ளையை எதிர்பார்த்திருக்கிறவர்களுக்காக, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

மழையை வைத்து நாள் குறியுங்கள்

மற்ற ஊர்களில் பிரசவத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி வேலையைத் தொடங்கலாம். இங்கே மழையிலிருந்து எண்ண வேண்டும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் மார்கழி வரை சுவர் காயாது. காயாத சுவரில் அடிக்கிற பெயிண்ட் காசுக்குக் கேடு. அதனால் தேதி கார்த்திகையிலோ தை மாதத்திலோ இருந்தாலும் சுவர் வேலை புரட்டாசிக்குள் முடிந்திருக்க வேண்டும். ஆனி, ஆடி, ஆவணியில் மேற்கேயிருந்து கச்சான் காற்று வீசும்போது சுவர் நன்றாகக் காயும். ஒரே தொல்லை, அந்தக் காற்று மணலையும் அள்ளிக்கொண்டு வரும். ஈரப் பெயிண்டில் மணல் ஒட்டினால் சுவர் உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். மேற்கு, தெற்கு ஜன்னல்களைச் சாத்திவிட்டு, எதிர்ப்பக்கத்தைத் திறந்து வைத்து அடிக்கச் சொல்லுங்கள்.

‘பிள்ளை பிறக்கு முன்னே தொட்டில் கட்டாதே’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். என் மாமியாரும் சொன்னார். நான் வாதாடவில்லை. “தொட்டில் கட்டலை அத்தை, சுவரைத்தான் பாக்குறோம்” என்றேன், ஒத்துக்கொண்டார். சாமான் வாங்குவதைப் பிறந்த பிறகு வைத்துக்கொண்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. இரண்டாவது பிள்ளைக்குப் பாதிச் சாமான் வீட்டிலேயே இருக்கும். அரசு மருத்துவமனையில் பிரசவம் என்றால் இன்னொரு விஷயம்: 2015-இல் தொடங்கிய பரிசுப் பெட்டகத் திட்டத்தில் குட்டி மெத்தை, கொசுவலை, துண்டு, கிலுகிலுப்பை உள்பட 16 பொருட்கள் உண்டு. கைக்கு வந்த பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள்.

தனி அறை வேண்டாம், நல்ல மூலை போதும்

படங்களில் காட்டுகிற மாதிரிக் குழந்தைக்கென்று தனி அறை நம் வீடுகளில் அமைவது அரிது, தேவையும் இல்லை. முதல் ஆறு மாதமாவது குழந்தை தாய் தகப்பன் படுக்கிற அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் உறங்குவது பாதுகாப்பு என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆகவே உங்கள் அறையில் நான்கடிக்கு ஆறடி மூலை ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

எந்த மூலை என்பதைக் காற்று சொல்லும். பாம்பன், மண்டபம் பக்கம் பாக் நீரிணைக் கடலைப் பெண் கடல் என்றும், மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். முன்னது அமைதி, பின்னது அலை. உங்கள் வீடு எந்தக் கடலைப் பார்க்கிறது, எந்த மாதம் எந்தப் பக்கத்திலிருந்து காற்று வருகிறது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். கச்சான், வாடை, கொண்டல், சோழகம் என்று காற்றுக்குப் பேர் சொல்லியே பதில் தருவார்கள். மேற்கே கச்சான், வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே சோழகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று நேராக அடிக்கிற ஜன்னலடியில் பிள்ளையைப் படுக்க வைக்கக் கூடாது. காற்று நுழைந்து இன்னொரு ஜன்னல் வழியாக வெளியேறும் பாதைக்குச் சற்றுப் பக்கவாட்டில் இருக்கிற மூலைதான் சரி.

ஜன்னலுக்கு வெளியே யாராவது கருவாடு காய வைக்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாற்றம் ஒரு வாரத்தில் நமக்குப் பழகிவிடும். ஈக்கள்தான் பழகாது.

கூரையைத் தட்டிப் பாருங்கள்

உப்புக் காற்றும் கடல் மணலும் சேர்ந்த ஊரில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்தால் அதை மூடியிருக்கிற காரை வெடித்துப் பெயர்ந்து விழும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் துருவைத் தடுக்கத் தனிப் பூச்சும் தேவைப்பட்டன என்றால் வாடகை வீட்டுக் கூரை எந்த மூலைக்கு?

ஒரு மூங்கில் கம்பை எடுத்து, குழந்தை படுக்கப் போகிற இடத்துக்கு மேலே கூரையைச் சாண் சாணாகத் தட்டுங்கள். ‘டக் டக்’ என்று கெட்டியாகக் கேட்டால் நல்லது. ‘பொத் பொத்’ என்று பொள்ளலாகக் கேட்டாலோ, நீளமாக ஒரு விரிசலும் அதன் ஓரத்தில் பழுப்புக் கறையும் தெரிந்தாலோ அந்த இடத்துக்கு அடியில் எதையும் போடாதீர்கள். வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். வெள்ளையடித்தால் சரியாகிவிடும் என்பார். ஆகாது. தளர்ந்த காரையைக் கொத்தி எடுத்து, கம்பியைத் துலக்கி, மறுபடி பூச வேண்டும்.

சுவர்: உப்பு எங்கிருந்து வருகிறது?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் வீணாவது இங்கேதான். சுவரில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி உப்புப் பூக்கும். கட்டும்போது கலந்த உப்புத் தண்ணீரிலும் மணலிலும் இருந்த உப்பு, தரையிலிருந்து ஏறும் ஓதத்தில் கரைந்து வெளியே வரும். ஈரம் காற்றில் போய்விடும், உப்பு தங்கிப் படிகமாகும். பெயிண்டுக்குப் பின்னால் அந்தப் படிகம் வளரும்போது பெயிண்டைத் தள்ளிக் கொப்புளமாக்கும். அதன்மேல் பிளாஸ்டிக் மாதிரிப் பளபளவென்றிருக்கும் பெயிண்டை எத்தனை கை அடித்தாலும் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் பெரிய கொப்புளம்தான் வரும்.

பெயிண்ட் வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். கனமான பிளாஸ்டிக் தாள் இரண்டடிச் சதுரம் வெட்டி, சுவரில் முழங்கால் உயரத்தில் வைத்து நான்கு ஓரமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைத் தொட்ட பக்கம், வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அறைக் காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகும். எங்கள் வீட்டில் உள்பக்கம் சொட்டுச் சொட்டாக நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. குழாய் இணைப்பு ஒன்று கசிந்துகொண்டிருந்தது. அதை அடைக்காமல் நான் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன்.

கசிவை அடைத்த பிறகு, பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, முறத்தில் வாங்கி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். உப்பு கரைந்து சுவருக்குள்ளேயே திரும்பப் போய்விடும். பத்து நாளுக்கு ஒருமுறை வீதம் மூன்று நான்கு தடவை தேய்த்தால் பூப்பது குறையும். பிறகு தரையிலிருந்து நான்கடி உயரம் வரை சுண்ணாம்பு அடிப்பதுதான் என் ஆலோசனை. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், காரத்தன்மையால் பூஞ்சையும் எளிதில் பிடிக்காது. கொஞ்சம் பசை சேர்த்து, மெல்லிசாக இரண்டு மூன்று கை. அப்போதும் கையில் லேசாக ஒட்டும், அதனால் குழந்தையின் படுக்கையைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடுங்கள். நான்கடிக்கு மேல் உங்கள் இஷ்டம். பட்டி பார்ப்பதானால் வெள்ளை சிமெண்டுப் பட்டி. பாரிஸ் சாந்து (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) இந்த ஈரத்தில் பொரிந்துபோகும்.

பழைய கதவு, ஜன்னலில் எண்ணெய்ப் பெயிண்டைச் சுரண்டும் வேலை இருந்தால் நீங்களும் மூத்த பிள்ளையும் அன்றைக்கு அந்த வீட்டிலேயே இருக்க வேண்டாம். 2017 நவம்பரிலிருந்துதான் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடப்புக்கு வந்தது. அதற்கு முந்திய பெயிண்டில் எவ்வளவு இருந்தது என்று கண்ணால் சொல்ல முடியாது. ஈயத் தூசி வயிற்றுப் பிள்ளைக்கும் ஆகாது, தவழும் பிள்ளைக்கும் ஆகாது. தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்துத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

ஜன்னல், கொசு, கரண்ட்

இரும்புக் கம்பி வலை ஒரு வருடம் தாங்கினால் அதிசயம். நைலான் வலையோ ஃபைபர் வலையோ வாங்கி, ஜன்னல் சட்டத்தில் வெல்க்ரோ பட்டையால் ஒட்டுங்கள். வாரம் ஒருமுறை கழற்றி அலசலாம், படிந்த உப்பும் மணலும் போய்விடும். கைக்குழந்தை இருக்கும் அறையில் கொசுவர்த்திச் சுருள் வேண்டாம். படுக்கைக்கு மேல் வலை போட்டால் போதும், அது குழந்தையின் முகத்தில் சரிந்து விழாதபடி நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டியிருக்க வேண்டும். சாம்பிராணி போடுவதை விட மாட்டோம் என்கிற வீடானால், முடியைக் காய வைத்த கையோடு ஜன்னலைத் திறந்து புகையை வெளியேற்றிவிடுங்கள்.

மழைக் காலத்துப் பிரசவம் என்றால் இன்வெர்ட்டரில் அந்த அறை விசிறி ஒன்றையாவது சேர்த்துவிடச் சொல்லுங்கள். சார்ஜ் செய்கிற விளக்கு ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். நடுராத்திரி பால் கொடுக்கும்போது மஞ்சள் வெளிச்சம் போதும். வெள்ளை வெளிச்சம் போட்டால் மூத்தவளும் எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

படுக்கையும் தொட்டிலும்

குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். படுக்கை கெட்டியாக, சமமாக இருக்க வேண்டும். தலையணை, சுற்றி வைக்கும் உருளைத் திண்டு, பொம்மை, கனத்த போர்வை எதுவும் வேண்டாம். தலை உருண்டையாக வர வேண்டும் என்று கடுகுத் தலையணை தைத்துக்கொண்டு வருவார்கள். வாங்கி மரியாதையாக அலமாரியில் வைத்துவிடுங்கள். இலவம்பஞ்சு மெத்தை இந்தக் காற்றில் ஈரம் இழுத்துக் கட்டி தட்டும். உள்ளங்கையால் அழுத்திவிட்டு எடுங்கள், குழி அப்படியே நின்றால் அந்த மெத்தை குழந்தைக்கு ஆகாது. கோரைப்பாய் மேல் பருத்திப் போர்வையை நான்காக மடித்துப் போட்டால் அதுவே நல்ல படுக்கை. ஓலைப்பாய் என்றால் ஒவ்வொரு முறையும் உதறிவிட்டு விரியுங்கள். பனைமரம் சூழ்ந்த ஊரில் தேள் எங்கிருந்து வரும் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது பிள்ளை விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. மூத்தது தூக்கத்தில் புரளும். கையும் காலும் எங்கே போகிறதென்று அதற்குத் தெரியாது. இரண்டையும் ஒரே பாயில் பக்கத்தில் பக்கத்தில் போடாதீர்கள். எங்கள் வரிசை இப்படி: சுவர், ஒரு முழம் இடைவெளி, சின்னவன் படுக்கை, நான், அவர், கடைசியில் மூத்தவள்.

தொட்டில் கட்டாத வீடு இங்கே இல்லை. கட்டக் கூடாது என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் சேலைத் தொட்டிலில் குழந்தை வளைந்து படுக்கும். பச்சைப் பிள்ளைக்குத் தாடை மார்பில் அழுந்தினால் மூச்சு சிரமப்படும். ஆகவே பகலில், கண் பார்க்க ஆள் இருக்கும்போது தொட்டில், இரவில் சமமான படுக்கை என்று நான் பிரித்துக்கொண்டேன். நடுவில் தொட்டில் கம்பு போட்டுச் சேலையை அகட்டினால் முகத்தைத் துணி மூடாது. பழைய பருத்திச் சேலைதான் வேண்டும், நைலக்ஸ் வழுக்கும், வியர்க்கும். குழந்தை புரளத் தொடங்கிய அன்றே தொட்டிலை அவிழ்த்துவிடுங்கள். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேல் கட்ட வேண்டாம்.

சரி, கொக்கி. கூரைக் கொக்கியின் வளைந்த பகுதி பெயிண்ட் அடித்து அழகாகத்தான் தெரியும். அது கான்கிரீட்டுக்குள் நுழைகிற இடத்தைப் பாருங்கள். ஏணி போட்டு ஏறி, உப்புத்தாளால் அந்தக் கழுத்தைத் தேய்க்கச் சொன்னேன். எங்கள் வீட்டுக் கொக்கி சுண்டுவிரல் கனம். கழுத்தில் செதில் செதிலாக உதிர்ந்து பென்சில் கனத்துக்கு இளைத்திருந்தது. புதிதாகத் துருப்பிடிக்காத எஃகுக் கொக்கி போட்டோம். போட்ட பிறகு 25 கிலோ அரிசிச் சிப்பம் இரண்டைச் சேலையில் கட்டித் தொங்கவிட்டு, கொஞ்சம் ஆட்டியும் விட்டு, ஒரு ராத்திரி அப்படியே வைத்தோம். நான்கு கிலோப் பிள்ளைக்கு ஐம்பது கிலோ எதற்கு என்று கேட்பீர்கள். அந்தத் தொட்டிலில் ஒருநாள் மூத்தவளும் ஏறுவாள். ஏறினாள்.

துணியும் தண்ணீரும்

மூத்த பிள்ளையின் பழைய துணிகள்தான் இரண்டாவதுக்குச் சொத்து. மூட்டையைப் பிரித்ததும் மூன்றைப் பாருங்கள். எலாஸ்டிக் நைந்திருக்கும். இரும்புப் பொத்தான், ஊக்கு துருவேறிக் கறையாகியிருக்கும், அவற்றை வெட்டி எறிந்துவிட்டு நாடா தைத்துக்கொள்ளலாம். மூன்றாவது, அந்துருண்டை வாசனை. அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன், ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடுமையான மஞ்சள்காமாலையை உண்டாக்கும். உங்கள் பிள்ளைக்கு அந்தக் குறை இருக்கிறதா என்று பிறக்கு முன் எப்படித் தெரியும்? வாசனை வரும் துணியைப் பலமுறை அலசி, பல நாள் வெயிலில் காயப்போட்டு, வாசனை அறவே போன பிறகுதான் எடுக்க வேண்டும். போகாவிட்டால் கரித்துணி. இனிமேல் வைப்பதற்குக் காய்ந்த வேப்பிலை போதும். கீழக்கரைப் பக்கம் முடைகிற மூடி போட்ட ஓலைப்பெட்டி ஒன்று வாங்குங்கள். காற்றும் போகும், தூசியும் ஏறாது, தகரப் பெட்டி மாதிரித் துருவும் பிடிக்காது.

துவைக்கும் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு நுரைக்காது, துணியில் தங்கும், துணி விறைக்கும். பிள்ளையின் தோல் அதில் உரசிச் சிவக்கும். உப்புத் தண்ணீரிலேயே துவையுங்கள், கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீரில். குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குகிற ஊரில் இது ஊதாரித்தனமாகத் தோன்றும். எல்லாத் துணிக்கும் வேண்டாம், சின்னதன் துணிக்கு மட்டும் ஒரு வாளி ஒதுக்கினால் போதும். சாயங்காலம் கடல் ஈரம் ஏறுவதற்குள், நான்கு மணிக்கெல்லாம் கொடியிலிருந்து எடுத்துவிடுங்கள். விட்டால் காய்ந்த துணியே மறுபடி பிசுபிசுக்கும்.

தண்ணீரைச் சேமித்து வைக்கிற ஊர் என்பதால் டிரம், அண்டா, வாளி என்று வீடு முழுக்கத் தண்ணீர் நிற்கும். தவழ்கிற பிள்ளை எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழ, வாளியில் ஒரு சாண் தண்ணீர்கூட வேண்டாம். மூத்த பிள்ளை தண்ணீர் மொண்டுவிட்டு மூடியைத் திறந்தே போட்டுப் போகும். ஆகவே இறுக்கிப் பூட்டும் மூடியுள்ள டிரம் மட்டும் வைத்துக்கொண்டு, வாளிகளைக் கவிழ்த்து வைக்கும் பழக்கத்தைப் பிரசவத்துக்கு முன்பே வீட்டில் கொண்டுவந்துவிடுங்கள். டெங்குக் கொசுவும் திறந்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

மூத்தது

அறையை மாற்றும்போது மூத்த பிள்ளையின் படுக்கை இடம் மாறும். அதைக் குழந்தை வருவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே மாற்றிவிடுங்கள். குழந்தையோடு சேர்த்துச் செய்தால், வந்தவன் தன் இடத்தைப் பிடுங்கிக்கொண்டான் என்றுதான் அது நினைக்கும். “நீ பெரிய புள்ள ஆயிட்ட, உனக்குப் புது இடம்” என்று மட்டும் சொல்லுங்கள். தம்பிக்காக என்று சொல்லாதீர்கள். அந்த இடம் முன்னதைவிடக் கொஞ்சம் நன்றாகவும் இருக்கட்டும். நாங்கள் மூத்தவளுக்கு ஜன்னல் ஓரத்தைக் கொடுத்தோம். பாலத்தில் ரயில் போகும் சத்தம் அங்கேதான் கேட்கும்.

கடலோரப் பிள்ளையின் சொத்து எல்லாம் வாய்க்குள் நுழைகிற அளவில்தான் இருக்கும்: சோழி, சிப்பி, கூழாங்கல், உடைந்த வளையல். பிளம்பரிடம் ஒன்றரை அங்குல பி.வி.சி. குழாயில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குள் நுழைகிற எதுவும் சின்னது வாயில் போட்டு அடைத்துக்கொள்ளக்கூடியது. மூத்தவளிடம் இதை விளையாட்டாகக் கொடுத்தேன். ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து தன் சாமானை எல்லாம் குழாயில் போட்டுப் பார்த்து, ‘தம்பி சாப்புடுறது’, ‘தம்பி சாப்புடாதது’ என்று இரண்டு குவியலாகப் பிரித்தாள். முதல் குவியல் மூடி போட்ட டப்பாவில் மேல் தட்டுக்குப் போயிற்று. நான் பிடுங்கியிருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். பொத்தான் பேட்டரி போடும் பொம்மைகளையும் அன்றைக்கே மேலே ஏற்றினோம். அது தொண்டைக்குள் போனால் சில மணி நேரத்திலேயே உள்ளே புண்ணாக்கிவிடும்.

பீரோவையும் அலமாரியையும் சுவரோடு பிணைக்க வேண்டும். மூத்தது இழுப்பறையைப் படியாக வைத்து ஏறும், பீரோ சாயும். உப்பு அரித்த பூச்சில் ஆணி நிற்காது. துளை செங்கல் வரை ஆழமாகப் போகட்டும், திருகாணி துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சாக்கும் வையுங்கள். மணல் காலோடு மூத்தது ஓடி வந்து நேராகச் சின்னதன் படுக்கையில்தான் ஏறும்.

இனி அலங்காரம்

இதற்குள் பாதிப் பணம் தீர்ந்திருக்கும். பரவாயில்லை, மீதி வேலைக்கு அதிகம் தேவைப்படாது. சுவரில் எதையும் ஒட்டாதீர்கள். ஒரு மரச்சட்டத்தைக் குறுக்காக அடித்து, அதில் நைலான் கயிறு கட்டி, துணியில் தைத்த படங்களைக் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். பூஞ்சை பிடித்தால் கழற்றித் துவைக்கலாம். நிறம் இளசாக இருக்கட்டும். கடல் வெளிச்சம் இங்கே கண்ணைக் கூசும், அடர்ந்த நிறம் வெயில் பட்டு ஒரு பக்கம் மட்டும் வெளுத்துப்போகும்.

பிறந்த குழந்தையின் கண்ணுக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளியும், அதிலும் கறுப்பு வெள்ளை நன்றாகத் தெரியும். கடையில் இதற்கென்று அட்டைகள் விற்கிறார்கள். கறுப்பு அட்டையில் வெள்ளைச் சாக்கட்டியால் புள்ளி வைத்துக் கோலம் போட்டுக் காட்டினால் வேலை முடிந்தது. வாரம் ஒரு கோலம், போடுகிறவர் மூத்த பிள்ளை. எங்கள் வீட்டில் ஐந்து புள்ளிக் கோலத்துக்கு மேல் அவள் போகவில்லை, சின்னவனும் புகார் சொல்லவில்லை.

பனை ஓலையில் மீன், கிளி, கிலுகிலுப்பை முடைந்து தருகிறவர்கள் இந்தப் பக்கம் இருக்கிறார்கள். சாயம் போடாத பச்சை ஓலையில் கேட்டு வாங்குங்கள், சாயம் எச்சிலில் இறங்கும். ஐந்தாறு ஓலை மீனை ஒரு குச்சியில் கட்டி, படுக்கைக்கு நேர் மேலே இல்லாமல் பக்கவாட்டில், கை எட்டாத உயரத்தில் தொங்கவிட்டால் கொண்டல் காற்றில் தானாக நீந்தும். குழந்தை கையூன்றி எழும்பத் தொடங்கியதும் கழற்றிவிடுங்கள். ஓலை முனை கூர். கடைப் பொம்மை வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள், 2021 ஜனவரியிலிருந்து அது கட்டாயம்.

கடல் அலங்காரம் என்று ஆசைப்படுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய கடல் தேசியப் பூங்கா. பவளப்பாறைத் துண்டு, கடற்குதிரை, கடல்விசிறி இவற்றை எடுப்பதும் விற்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ‘அழகுக்குத்தானே’ என்று யாராவது கொண்டுவந்து நீட்டினால் வாங்காதீர்கள். சங்கு ஒன்று போதும் என்றால் கடையில் வாங்கி, அதையும் மேல் தட்டில் வையுங்கள்.

கிளம்புகிற நாளும் திரும்புகிற நாளும்

மருத்துவமனைக்குக் கிளம்பும்போது கச்சான் பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள். வாளிகளைக் கவிழ்த்து, டிரம் மூடியை இறுக்குங்கள். குழந்தையின் படுக்கையைச் சுருட்டி ஓலைப்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள், விரித்துப் போட்டுவிட்டுப் போனால் நான்கு நாளில் மணல் மூடிவிடும். பெட்டியைத் திறக்கிற வேலையை மூத்த பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்.

திரும்பி வருகிற அன்று காலையில் யாரையாவது முன்னால் அனுப்பி, தரையை நல்ல தண்ணீரில் துடைத்து, ஜன்னல் வலையை அலசி மாட்டி, பாயை வாசலில் வைத்து நன்றாக உதறச் சொல்லுங்கள். தொட்டிலை அதற்குப் பிறகு கட்டிக்கொள்ளலாம். மாமியாரே கட்டிவிடுவார்.